எட்டுக்கு ஒன்பது

ஒரு மிஷின் வாங்குவதற்கு ஒரு மனுஷர் எட்டு மாதம் கடைக்கு நடந்தார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கடைக்காரி நான்தான். எட்டு மாதமும் அதே இரண்டு மிஷின்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டி, தூசி தட்டித் திரும்ப உள்ளே வைத்த கை இந்தக் கைதான்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் எங்கள் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், பெயிண்ட், அப்புறம் டிரில்லிங் மிஷின், கட்டிங் மிஷின் என்று கரண்டில் ஓடுகிற சாமான்கள். கடையை ஆரம்பித்தது என் வீட்டுக்காரர். "ரெண்டே வருஷம்" என்று சொல்லிவிட்டுக் கத்தாருக்குப் போனார். அதிலிருந்து கல்லாவில் நான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பொம்பளைக்கு மிஷினைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்த ஆசாரிகள் ஒரே மாதத்தில் அடங்கிப் போனார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது கடைத்தெருவுக்கே தெரியும்.

அவருடைய பெயர் பில் புத்தகத்தில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். அறுபதைத் தாண்டிய ஆள். சட்டை எப்போதும் ஒரு சைஸ் பெரியது, தோள் தையல் பாதிக் கைக்கு இறங்கியிருக்கும். ஒரு புரட்டாசி மழையில் மஞ்சள் பையோடு வந்து நின்றார்.

"கடைக்காரம்மா, ரௌட்டர் இருக்குதா?"

மரத்தில் காடி என்கிற நீளப் பள்ளம் எடுக்கவும் ஓரத்தை உருட்டவும் ஆசாரிகள் வைத்திருக்கும் மிஷின் அது. அடியில் ஒரு பிட்டு கிர்ரென்று சுற்றும். பிட்டு எந்த வடிவமோ மரத்தையும் அந்த வடிவத்தில் செதுக்கிவிடும்.

"எந்தப் பட்டறைங்க ஐயா?"

"பட்டறையெல்லாம் இல்லம்மா. வூட்டுலதான். ஒரு ரூமு சும்மா கெடக்குது." முகத்து மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "எல்லா ரூமும் சும்மாதான் கெடக்குது. அதுல ஒண்ணு" என்றார்.

மஞ்சள் பையிலிருந்து ஒரு வேப்பம் பலகைத் துண்டை எடுத்தார். ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று உருண்டு இருந்தது. உப்புத்தாளை வைத்து மூன்று நாள் தேய்த்தாராம்.

"இத உங்க நெத்தியில இடிச்சிப் பாருங்க."

"நல்லா இருக்குதே! நான் எதுக்குங்க இடிச்சிக்கணும்?"

"வலிக்காது. அதான் சொல்றேன்."

அவருடைய மகள் புனேயில் வேலை. பேத்திக்கு மூன்றரை வயது. ஆறு மாதக் குழந்தையாகத் தூக்கியதோடு சரி, அப்புறம் எல்லாம் போனில்தான். தீபாவளிக்கு மகள் பத்து நாள் லீவில் வருவதாகச் சொல்லியிருந்தாள். குழந்தை உட்கார்ந்து படம் வரைய ஒரு குட்டி மேசையும் நாற்காலியும் தன் கையால் செய்ய வேண்டும், எந்த ஓரத்தில் இடித்துக்கொண்டாலும் அவளுக்கு அடிபடக் கூடாது. அதற்குத்தான் மிஷின். மனைவி போய் நாலு வருஷம் ஆன அந்த வீட்டில், அந்த மனுஷருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மிஷின்களை எடுத்து வைத்தேன். ஒன்று சின்னது, டிரிம்மர் என்பார்கள், ஒரே கையில் பிடித்து ஓட்டலாம். இன்னொன்று இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பெரிய மிஷின். அதில் தடிமனான பிட்டு ஏறும், ஒரே இழுப்பில் ஆழமாகப் போகும், கையையும் உதறும்.

"ஓரம் உருட்டத்தானே? சின்னதே போதுங்க" என்றேன்.

அவர் பெரியதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "கொஞ்சம் கூடவே இருக்கட்டுமேம்மா."

அந்த மனுஷரை ஒரே வார்த்தையில் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். கொஞ்சம் கூடவே இருக்கட்டும். நாலு திருகாணி வேண்டுமென்றால் ஐந்து வாங்குவார். ஒற்றை ஆள், இரண்டு ஆள் சோறு வடிப்பார். ஏழு மணி ரயிலுக்கு ஐந்தரைக்கே ஸ்டேஷன் போய் உட்காருவார். "சோறு வெந்தா பெருகுமா, சுருங்குமாங்க ஐயா?" என்று ஒரு தரம் கேட்டேன். "தெரியும்மா. கை கேக்க மாட்டேங்குது" என்றார்.

அந்தக் கைக்கு ஒரு கதை இருந்தது. இரண்டாவது தரமோ மூன்றாவது தரமோ வந்தபோது, மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு நீளமான இரும்பு ஸ்கேலை உருவி, பெரிய மிஷினின் அடித்தட்டை அளந்தார். முகம் மாறிவிட்டது.

"அட்டையில ஆறே முக்கால் அங்குலம்னு போட்டிருக்குது. ஆறுதாம்மா இருக்குது. ஏமாத்துறான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் கடையில் அளவு குறைவா! என் டேப்பை இழுத்து அளந்தேன். ஒரு நூல் பிசகாமல் ஆறே முக்கால். அவருடைய ஸ்கேலைப் பிடுங்கி டேப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் பன்னிரண்டு என்று போட்டிருந்த இடம் என் டேப்பில் பதின்மூன்றரையில் நின்றது.

"என்னாங்க ஸ்கேல் இது? பைத்தியம் புடிச்ச ஸ்கேலா?"

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் ஒரு செராமிக் கம்பெனியில் மாடல் செய்தவராம் அவர். ஃப்யூஸ் கட்டை, இன்சுலேட்டர், கோப்பை எதுவாக இருந்தாலும் முதல் உருவத்தை அவர் கடைந்து கொடுப்பார், அதிலிருந்துதான் அச்சு எடுப்பார்கள்.

"பச்ச மண்ணுல ஒம்போது அங்குலம் செஞ்சாத்தாம்மா, காஞ்சி, சூளையில வெந்து வெளிய வர்றப்ப எட்டு அங்குலம் நிக்கும். எட்டுக்கு ஒம்போது. அதுக்குன்னே அடிச்ச ஸ்கேலு இது. கம்பெனிய மூடுறப்ப கையோட கொண்டாந்துட்டேன்."

"சரி, மரம் சூளைக்குப் போகுமா?"

"போகாதுதான்."

"வூட்டுல இத வச்சித்தான் வேல பாக்குறீங்களா?"

ஸ்கேலை என்னிடமிருந்து வாங்கித் துடைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், சமையல்கட்டுச் சுவரில் இருக்கிற மாடப் பிறைக்கு ஒரு அலமாரி செய்தாராம். நுழையவில்லை. இரண்டு வருஷமாகக் கூடத்தில் நிற்கிறது, அதன்மேல் தண்ணீர் கேன் வைத்திருக்கிறார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடை வைத்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை.

மண்ணோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுஷர்கள் சொல்கிற வார்த்தைக்கும் அவர் இதே கணக்கைத்தான் போட்டார். மகள் பத்து நாள் என்றால் இவர் ஒன்பது என்று வைத்துக்கொள்வார். ஒன்பது மணிக்குப் போன் பண்ணுகிறேன் என்று அவள் சொன்னால், "பத்துக்குத்தான் வரும். அதுவரைக்கும் ஒரு வேலைய வச்சிக்கணும்" என்பார். தீபாவளிப் பயணம் பொங்கலுக்குத் தள்ளிப் போனது. பொங்கல் முழுப்பரீட்சை லீவுக்குப் போனது. ஒவ்வொரு தரமும் இங்கே வந்து, "இன்னொரு தரம் காட்டுங்கம்மா" என்று இரண்டு மிஷினையும் கையில் வாங்கி எடை பார்ப்பார். சத்தம் எவ்வளவு வரும், பிட்டு கழற்ற எத்தனை ஸ்பேனர், தூசி எந்தப் பக்கம் அடிக்கும் என்று முந்தின வாரம் கேட்டதையே கேட்பார். நானும் சொல்வேன். வாங்காமல் போவார்.

வாங்கவே போவதில்லையோ என்று முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மிஷினை வாங்கிவிட்டால் மேசை செய்ய வேண்டும். மேசை செய்துவிட்டால், வராத குழந்தையின் மேசை வீட்டில் நிற்கும். தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கும்வரை அவள் வந்துகொண்டே இருக்கிறாள். அதற்கப்புறம் பெட்டியைத் திறக்க நான் அலுத்துக்கொண்டதில்லை.

ஒரே ஒரு தரம் அவரை விரட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரர், மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், அந்த ஜனவரியில் கத்தாரை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுவதாகப் போனில் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அல்வா வாங்கி, கடைக்கு வந்த வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன். இவருக்கும் ஒரு துண்டு கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம்" என்றார். பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம், "எதுக்கும் கொஞ்சம் சுருக்கம் விட்டு வச்சிக்கங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். "உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? உங்க மவ வரலன்னா என் வூட்டுக்காரரும் வரக் கூடாதா? எழுந்து போங்க. இனிமே மிஷின் பாக்க வராதீங்க."

பாதி அல்வாவைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஜனவரி வந்தது. மச்சான் வரவில்லை. கம்பெனி இன்னும் இரண்டு வருஷம் எழுதி வாங்கிக்கொண்டதாம். யாரிடமோ ஒரு கைக்கடிகாரம் கொடுத்தனுப்பினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எதிர் டீக்கடையில் அந்தப் பெரிய சட்டை தெரிந்தது. என் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தினமும் அங்கேதான் நின்றிருக்கிறார், நான்தான் பார்க்கவில்லை.

ரோட்டைத் தாண்டிப் போனேன். "உள்ள வாங்க ஐயா."

"வரலாமா?"

"வாங்கன்னா வாங்க."

மச்சான் வந்தாரா என்று அவர் கேட்கவில்லை. நான்தான் சொன்னேனே என்ற ஒரு பார்வைகூட இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "அந்தச் சின்ன மிஷின ஒரு தரம் காட்டுங்கம்மா" என்றார். பெட்டியைத் திறக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே இருந்தார், நான் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மூச்சு வாங்க ஓடி வந்தார். "டிக்கெட் போட்டுட்டாங்கம்மா! நம்பர் எல்லாம் போன்ல வந்துடுச்சி. மிஷினக் குடுங்க, பெருசையே குடுங்க."

நானும் குதித்தேன். குதித்த வேகத்தில்தான் அதைச் செய்தேன். "பெருச வச்சி நீங்க கைய வெட்டிக்கவா? இந்த வேலைக்குச் சின்னதுதான்" என்று டிரிம்மரைக் கட்டினேன். ஓரம் உருட்டுகிற பிட்டு ஒன்று, தூசிக்குக் கண்ணில் போட்டுக்கொள்ளக் கண்ணாடி ஒன்று. புது டேப் ஒன்றை நானே பையில் போட்டேன். அப்புறம் கையை நீட்டினேன்.

"அந்த ஸ்கேல எடுங்க."

"எதுக்கும்மா?"

"அது இங்கயே இருக்கட்டும். இல்லன்னா கொழந்த நாக்காலி கூடத்துல நிக்கிற அலமாரி மாதிரிதான் வரும். இந்த ஒரு தரமாவது சரியான அளவுல செய்ங்க."

தயங்கித் தயங்கித்தான் எடுத்துக் கொடுத்தார். அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். என்னமோ பெரிய நல்லது செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

நாற்காலியைப் போய்ப் பார்த்தேன். அந்த மனுஷர் கையில் மந்திரம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். உட்காரும் பலகை தரையிலிருந்து பதினொரு அங்குலம், நாலு வயதுக் குழந்தைக்கு அளவெடுத்த மாதிரி. மகளைப் போனில் பிடித்து, குழந்தையின் முழங்கால் உயரத்தை இஞ்ச் டேப்பில் பார்த்துச் சொல்லச் சொன்னாராம். ஒரு ஓரத்தில்கூடக் கூர்மை இல்லை. நானே குனிந்து நெற்றியில் இடித்துப் பார்த்தேன். வலிக்கவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. டிக்கெட்டைத் திருப்பிவிட்டார்கள். அப்புறம் மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம், அப்புறம் பள்ளிக்கூடச் சேர்க்கை. யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லாம் நியாயமான காரணம்தான். அவர்கள் வந்து சேர்ந்தது அதற்கடுத்த வருஷம் டிசம்பரில்.

"வந்துட்டாங்க, வந்து பாருங்கம்மா" என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். மகள் நல்ல பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். குழந்தை இரட்டைப் பின்னலோடு துறுதுறுவென்று இருந்தது. அவர் நாற்காலியைத் துணியால் துடைத்து இழுத்துப் போட்டார். குழந்தை உட்கார்ந்தது. முழங்கால் இரண்டும் மேசையில் இடித்தன. காலை மடக்கிப் பார்த்தது, நீட்டிப் பார்த்தது.

"தாத்தா, இது பேபி சேர்" என்று சொல்லி எழுந்து ஓடிவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவருடைய ஸ்கேலில் பதினொரு அங்குலம் என்பது என் டேப்பில் பன்னிரண்டே கால் தாண்டும். மேசையையும் நாற்காலியையும் அதில் செய்திருந்தால் அன்றைக்குக் கால் சரியாக நின்றிருக்கும். நான் பூட்டி வைத்தது இரும்பு ஸ்கேலை அல்லவே, குழந்தை உட்கார்ந்து படம் வரைவதை அவர் பார்த்திருக்க வேண்டிய அந்த ஒரு நாளை.

பத்து நாள் என்று வந்தவர்கள் நாலாம் நாள் கிளம்பினார்கள். அவருடைய கணக்கையும் தாண்டிச் சுருங்கிவிட்டது.

மறுநாள் கடைக்கு வந்தார். டேப்பை மேசையில் வைத்தார். "உங்க டேப்புல தப்பில்லம்மா. அந்த ஸ்கேலக் குடுத்துடுங்களேன்."

இழுப்பறையைத் திறந்து கொடுத்தேன். "என்னை மன்னிச்சிடுங்க ஐயா. அந்த மிஷினையாவது மாத்திக் குடுக்குறேன். பெருச எடுத்துட்டுப் போங்க."

"அட, வுடுங்கம்மா. சின்னதுல நாலு இழுப்பு இழுத்தா பெருசு ஒரே இழுப்புல செய்யறது வந்துடுது. எனக்குத்தான் நேரம் நெறைய இருக்குதே."

இரண்டு மாதம் கழித்துப் போனபோது அந்த அறையில் இன்னொரு நாற்காலியும் மேசையும் நின்றன. நல்ல தடித்த கால்கள். நாலு இழுப்பில்லை, நாற்பது இழுப்பு இழுத்திருப்பார். நாற்காலி என் முட்டி உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்.

"இது யாருக்குங்க?"

"பாப்பாவுக்குத்தான்."

"அதுக்கு இப்பத்தானே அஞ்சே முக்கால் ஆவுது?"

"ஒரு வருஷத்துல வரேன்னு சொல்லியிருக்குது. ஒரு வருஷம்னா நான் நாலுன்னு வச்சிருக்கேன்."

"எட்டுக்கு ஒம்போதுன்னுதானே சொல்வீங்க? இதென்னா அநியாயக் கணக்கு?"

"அது மண்ணுக்கும்மா" என்று சொல்லிவிட்டு ஓரத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் கொரோனா வந்தது, மாப்பிள்ளைக்கு மறுபடி மாற்றம் வந்தது. அவர் கடைக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. பிட்டு தேய்ந்துவிட்டது என்று வருவார், தேயாத பிட்டைக் காட்டுவார். நானும் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆமாங்க, லேசா மழுங்கித்தான் இருக்குது" என்பேன். இரண்டு டீ சொல்வேன். பெரிய மிஷினை எடுத்து மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு காலை, பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

மகள் உடனே வந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை இருக்கிறேன் என்றாள், இருந்தாள். ஒரு நாள்கூடக் குறையவில்லை.

காரியத்தன்று போனேன். வீடு முழுக்க ஆட்கள். அவர் எந்நேரமும் இரண்டு ஆள் சோறு வடித்த வீட்டில் இருநூறு பேருக்குச் சாப்பாடு. மகள் என்னைப் பார்த்ததும் அந்த இரும்பு ஸ்கேலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க கடை ஸ்கேலாக்கா இது? உங்க பில்லோட சேத்துச் சுத்தி வச்சிருந்தாரு."

"ஆமாம்மா" என்று பொய் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பின்னறையை எட்டிப் பார்த்தேன். கூட்டத்துக்குப் பயந்து பேத்தி அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. அந்த இரண்டாவது நாற்காலியில், மேசைமேல் ஒரு தாளைப் போட்டு ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். பாதம் இரண்டும் தரையில் பதிந்திருந்தன. முழங்கை மேசைக்குச் சரியாக நின்றது. ஒரு நூல் கூடுதலும் இல்லை, ஒரு நூல் குறைவும் இல்லை.

என்னைப் பார்த்துத் தலையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, தாத்தா என்னைப் பாத்து நாலு வருஷம் ஆச்சு. என் ஹைட்டு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அளந்துதான் வச்சாரு கண்ணு" என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் போன் பண்ணினார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "இன்னும் ஒரே வருஷம். இன்ஷா அல்லா, ஒரேயடியா வந்துடறேன்" என்றார்.

"சரிங்க மச்சான்" என்றேன். மேசைமேல் அந்த ஸ்கேல் கிடந்தது. ஒரு வருஷத்துக்கு நாலு என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. போட்டுவிட்டு, இந்த ஒரு அளவாவது தப்பாகப் போகட்டும் என்று அல்லாவிடம் துஆ கேட்டேன்.